உங்கள் யூனிட் எத்தனை சனிக்கிழமை தாங்கும்?

கேள்வி: திருப்பூரில் 32 மெஷின் வைத்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். முக்கால்வாசி வேலை, அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒரே ஏற்றுமதியாளருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க். அமெரிக்க வரிக்குப் பிறகு ஆர்டர் வருவதும் நிற்பதும் புரியவில்லை. முழுவதுமாக உள்நாட்டு வேலைக்கு மாறலாமா? அல்லது கடன் வாங்கி மெஷின்களைக் கூட்டி, ஐரோப்பிய ஆர்டருக்குத் தயாராகலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதமாக வந்த அமெரிக்கக் கூடுதல் வரி, அதே மாதம் 27ஆம் தேதி 50 சதவீதமானது. இடையில் இருபதே நாள். நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயமேற்றி, தைத்துப் பெட்டி கட்டவே அதைவிட அதிக நாளாகும். வரி ஏறுமா இறங்குமா என்று யூகித்து முதல் போடுவது சூதாட்டம்தான்.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். சனிக்கிழமை தரும் வாரக் கூலி 1,60,000 ரூபாய், வாடகையும் மின்கட்டணமும் தவணையும் வாரத்துக்கு 40,000 என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பும் நிச்சயமாக வரும் பாக்கியும் சேர்ந்து 8 லட்சம் என்றால், ஆர்டரே இல்லாமல் நான்கு சனிக்கிழமை சம்பளம் போடலாம். ‘வரவேண்டிய’, ஆனால் எப்போது வரும் என்று உறுதியில்லாத பாக்கியை இதில் சேர்க்காதீர்கள். புதிய மெஷினுக்கு வாங்கும் கடன் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும். இரண்டு மூன்று மாதக் கடனுக்குச் சரக்கு கேட்கும் உள்நாட்டு வியாபாரியும் குறைப்பார். சனிக்கிழமை தவறினால் நல்ல டெய்லர்கள் பக்கத்து யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். மெஷினை விற்றால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம், போன கை திரும்புவது அரிது.

கையிருப்பைக் கூட்ட உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2024 ஏப்ரல் 1 முதல், அந்தக் கெடு தாண்டி நிலுவையில் உள்ள தொகையை, பணம் கொடுக்கும்வரை உங்கள் ஏற்றுமதியாளர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. சட்டம் பேசினால் வேலை போய்விடும் என்று தயங்குவீர்கள், நியாயமான பயம்தான். ஆகவே நீங்கள் பேச வேண்டாம். உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்துக் கொடுங்கள். மார்ச் நெருங்கும்போது அவருடைய ஆடிட்டரே பேசுவார்.

உள்நாட்டு வேலைக்கு எட்டு மெஷின் கொண்ட ஒரு லைனை மட்டும் ஒதுக்குங்கள். கூடுதலாக ஃபிளாட்லாக் தையல் மெஷின் தேவைப்பட்டால் வாடகைக்கு எடுங்கள். ஐரோப்பிய வேலைக்கு மெஷினைவிட, வாங்கும் நிறுவனமான பையர் தரப்பில் யூனிட்டைச் சோதிக்கும் ஆடிட் முக்கியம். அவசர வழி, தீயணைப்புக் கருவி, கூலிப் பதிவேடு, பி.எஃப். ஆகியவற்றைச் சீராக்குங்கள், பையர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் அந்தச் செலவு வீணாகாது.

எப்போது எதை மாற்றுவது என்பதையும் இன்றே டைரியில் எழுதிவிடுங்கள், நெருக்கடி வந்தபின் மனம் நிதானமாக இருக்காது. கையிருப்பு மூன்று சனிக்கிழமைக்குக் கீழே இறங்கினால் இரண்டாவது லைனும் உள்நாட்டுக்கு, இப்படி. இன்னொரு அடையாளம் சாம்பிள், அதாவது ஆர்டருக்கு முன் தைத்துக் காட்டும் மாதிரி ஆடை. ஆர்டர் குறைவதற்குப் பல வாரம் முன்பே சாம்பிள் குறையும். உங்கள் ஏற்றுமதியாளரிடம் ஆர்டர் நிலவரம் கேட்டால் நல்லதையே சொல்வார். அடுத்த சீசனுக்கு எத்தனை ஸ்டைலுக்குச் சாம்பிள் ஓடுகிறது என்று அவருடைய சாம்பிள் டெய்லரிடம் கேளுங்கள்.