பூச்சி விழுகிறது, புழு மட்டும் போகவில்லையே!

கேள்வி: கத்தரியில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருக்கிறேன். தினமும் அந்துப்பூச்சி விழுகிறது, ஆனால் காயை அறுத்தால் உள்ளே புழு. ஏமாற்று வேலையா இது?

பதில்: ஏமாற்று இல்லை. விழுந்ததெல்லாம் ஆண் பூச்சி, அவ்வளவுதான். துணையை அழைக்கப் பெண் அந்துப்பூச்சி விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்துத்தான் பொறிக்குள் தொங்கும் குப்பியில் ஏற்றியிருக்கிறார்கள்; அதை நம்பி ஆண்தான் வரும், முட்டையிடுகிற பெண் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் என்பதால் பாதி ஆண்களைப் பிடித்தாலும் மிச்சம் இருப்பவை போதும், அதுவும் போக ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் பக்கத்து வயலிலிருந்து பறந்து வந்துவிடும்.

என்னைக் கேட்டால் பொறியின் முதல் வேலை உளவு சொல்வது. விழுவதை எண்ணி நோட்டில் எழுதுங்கள். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் அடுத்த சில நாட்களில் முட்டை பொரியப் போகிறது என்று அர்த்தம். பொரிந்த புழு சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும், அப்புறம் என்ன தெளித்தாலும் அதன் மேல் படாது. வாடித் தலை தொங்கும் நுனித்தண்டைக் கிள்ளிப் பிளந்து பாருங்கள், கழிவு அடைத்த துளைக்குள் புழு வெளிர் ரோஸ் நிறத்தில் கிடக்கும். அந்த நுனிகளை வரப்பில் போடாமல் அழித்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பொறி வைத்தால் பலன் கூடும்.

கேள்வி: குப்பியை முகர்ந்தால் ஒரு வாசனையும் இல்லை. போலியோ?

பதில்: நம் மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். 1959-இல் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டெனான்ட் குழுவினர் முதல் இனக்கவர்ச்சிப் பொருளைக் கண்டறிந்தபோது, சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து கிடைத்ததே சில மில்லிகிராம்தான். அந்த அளவையே ஆண் பூச்சியின் உணர்கொம்பு தாராளம் என்று நினைக்கும். காலாவதித் தேதியையும் எந்தப் பூச்சிக்கானது என்பதையும் பாருங்கள், காய்ப்புழுக் குப்பிக்கு, இலை தின்னும் புரோடீனியா புழுவின் அந்துப்பூச்சி வராது. ஒரு பூச்சிக்கான குப்பியைத் தொட்ட கையால் இன்னொரு பூச்சிக்கானதைத் தொடவும் வேண்டாம்.

கேள்வி: தென்னையில் சிவப்புக் கூன்வண்டு. பொறியை மரத்திலேயே கட்டலாமா?

பதில்: கட்டவே கட்டாதீர்கள்! இங்கே கதை வேறு. கூன்வண்டில் வாசனை விடுவது ஆண், அதை முகர்ந்து ஆண், பெண் இரண்டும் கூட்டமாக வரும். பெண்ணும் மாட்டுவதால் பிடித்து ஒழிப்பதற்கே இது உதவும், சரி. ஆனால் வருகிற வண்டெல்லாம் பொறி வாளிக்குள் விழுவதில்லை, வழியில் இருக்கும் மரத்தில் காயமோ பிளவோ இருந்தால் அங்கேயே முட்டையிட்டுவிடும். அதனால் இளங்கன்றுகளை விட்டுத் தள்ளி, நிழலில் வையுங்கள். வாளியில் புளித்த கரும்புத் துண்டு, கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் வற்றினால் விழுந்த வண்டு ஏறி வந்துவிடும், அதை மட்டும் அடிக்கடி கவனியுங்கள்.