மெடலோட விளிம்ப பாருங்க

கேள்வி: எங்க கொள்ளுத்தாத்தாவோட அண்ணன் முதல் உலகப் போர்ல பட்டாளத்துல சேந்து மெசபடோமியா (இப்ப ஈராக்) போனாராம், திரும்பி வரவே இல்ல. வீட்ல ஒரு மெடல் மட்டும் கெடக்கு. அவர் எங்க, எப்ப செத்தார்னு இப்ப கண்டுபிடிக்க முடியுமா? (வேலூர் பக்கத்துல இருந்து ஒரு வாசகர், பேர் வேணாம்னு எழுதிருக்கார்)

பதில்: முடியும், ஆனா பேர வச்சு ஆரம்பிக்காதீங்க. முதல்ல மெடல வெளிச்சத்துல சாய்ச்சு அதோட விளிம்ப பாருங்க, பொடி எழுத்துல நம்பர், ரேங்க், பேர், படைப்பிரிவு எல்லாம் குத்திருப்பாங்க. தயவுசெஞ்சு புளி போட்டு தேய்ச்சிடாதீங்க, இருக்கற எழுத்தும் போயிடும். ஒரு பக்கம் ராஜா தல, மறுபக்கம் குதிரைல ஒரு ஆளு, 1914, 1918ன்னு இருந்தா அது பிரிட்டிஷ் வார் மெடல். அது வெள்ளின்னா சிப்பாய், வெண்கலம்னா பெரும்பாலும் சண்ட போடாம கூலி வேலைக்குன்னு தொழிலாளர் படைல (லேபர் கார்ப்ஸ்) போனவர்.

இன்னொன்னு, பரண்ல சாசர் அளவுக்கு, ஒரு 12 சென்டிமீட்டர் வட்டமா, சிங்கம் போட்ட வெண்கலத் தட்டு ஏதும் இருக்கான்னு தேடுங்க. மெடல் உயிரோட வந்தவங்களுக்கும் குடுத்தாங்க, அந்தத் தட்டு செத்தவங்க வீட்டுக்கு மட்டும்தான். அதுல பேர் இருக்கும், ரேங்க் இருக்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல அத ரொம்ப வருஷமா தயிர் சட்டிக்கு மூடியா வச்சிருந்தாங்க!

நம்பர் கெடச்சதும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட வெப்சைட்ல போட்டுத் தேடுங்க, காசு கெடையாது. பேர்ல தேடினா தலசுத்தும், முனுசாமின்னு வச்சுக்குங்க, அத வெள்ளைக்கார கிளார்க் காதுல விழுந்த மாதிரி ஏழெட்டு விதமா எழுதிருப்பான். ஊர் பேரும் அப்படித்தான், ஜில்லாவும் அப்ப வட ஆற்காடு, அதையும் மனசுல வச்சுக்குங்க. அதிர்ஷ்டம் இருந்தா அப்பா பேர், ஊர், செத்த தேதி எல்லாம் ஒரே வரில வந்துடும். படைப்பிரிவு மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்னு (பட்டாளத்துக்கு பாலம், ரோடு போடற என்ஜினியர் படை) இருந்தா பெங்களூர்ல இருக்கற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புக்கும் ஒரு லெட்டர் போட்டுப் பாருங்க.

கல்லறை தெரியாதவர்னா ஈராக்ல பஸ்ரா நினைவுச்சின்னத்துல சேத்திருப்பாங்க. அங்க 40,000 பேருக்கு மேல கணக்கு. ஆனா கல்லுல அவர் பேர எதிர்பாக்காதீங்க, ஆபீசருங்க பேர வெட்டினவங்க நம்ம சிப்பாய்ங்கள படைப்பிரிவு வாரியா இத்தன பேர்னு எண்ணிக்கையா போட்டு முடிச்சுட்டாங்க. இந்த மாதிரி பாரபட்சத்துக்கெல்லாம் அந்த ஆணையம் மன்னிப்பு கேட்டது 2021லதான், அதுவும் நூறு வருஷம் கழிச்சு.

உங்க ஊர்லயே பழைய ஸ்கூல், தாலுக்கா ஆபீஸ் சுவர்ல கொஞ்சம் பாருங்க, இந்த கிராமத்துல இருந்து இத்தன பேர் போனாங்க, இத்தன பேர் உயிர விட்டாங்கன்னு ஒரு இங்கிலீஷ் கல்வெட்டு சுண்ணாம்புக்கு அடில இருந்தாலும் இருக்கும். அதுலயும் பேர் இருக்காது. அதான் சொல்றேன், விளிம்ப நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புங்க, என்ன எழுதிருக்குன்னு சேந்து படிச்சுப் பாக்கலாம்.