இருமினால் பணம் வருமா?

கேள்வி: ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவு உபசாரம். ‘ஆளுக்கு 500 ரூபாய் காஃப் அப் (cough up) பண்ணுங்க’ என்று வாட்ஸ்அப் குழுவில் மேனேஜர் போட்டிருக்கிறார். இருமலுக்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம்? பின்னால் கதை ஏதும் உண்டா? தமிழில் இதற்குச் சரியான சொல்லே இல்லையாமே?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: கதையெல்லாம் இல்லை, சளிதான். நெஞ்சில் கட்டிய சளி லேசில் வராது. நாலு தரம் இருமி, கண்ணில் தண்ணீர் முட்டின பிறகுதான் கொஞ்சம் பெயரும். சிலர் சட்டைப்பையிலிருந்து பணம் வருவதும் அப்படித்தான். மனசில்லாமல் கொடுப்பதுதான் ‘காஃப் அப்’.

சொல் பழசு. 14-ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளௌமன்’ கவிதையில், மூக்குமுட்டக் குடித்து விழுந்த ஒரு தீனிப்பண்டாரம், தூக்கிவிட வந்தவன் மடியிலேயே ‘காஃப் அப்’ செய்கிறான். அங்கே வந்தது நிஜ வாந்தி. பணம் வந்தது வெகுகாலம் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்கக் கொச்சையில். பிரிட்டிஷ் போலீஸ்காரர்கள் பேச்சில் ‘காஃப்’ என்றாலே குற்றத்தை ஒப்புக்கொள்வது. நம் ஊரில் ‘உண்மையைக் கக்கிட்டான்’ என்கிறோமே, அதேதான்.

தமிழில் சொல் இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? ‘மாசாமாசம் வட்டி அழுறேன்’, ‘போன வாரம்தான் ஸ்கூலுக்கு அழுதேன்’, ‘தண்டம் அழுதேன்’ என்றெல்லாம் உங்கள் வீட்டில் பேசுவதில்லையா? கொடுக்கவும் மனசில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. அந்த அவஸ்தை முழுவதும் ‘அழு’வில் இருக்கிறது. சிலர் மூக்கால் அழுதுகொண்டே கொடுப்பார்கள்.

அதற்காக ‘கக்கு’ என்று மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். உண்மைக்குச் சரி, பணத்துக்கு வம்பு. விழுங்கினவன்தான் கக்க வேண்டும். ‘500 ரூபாயைக் கக்குங்க’ என்று மேனேஜர் போட்டிருந்தால், ‘நான் யார் பணத்தைத் தின்றேன்?’ என்று நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். ‘காஃப் அப்’பில் அந்தப் பழி கட்டாயமில்லை, தன் சொந்தக் காசையும் ஒருவர் இருமலாம். ‘ஆளுக்கு 500 அழுங்க’ என்று போட்டிருந்தால் யாரும் அகராதியைப் புரட்டியிருக்க மாட்டார்கள்.

ஒன்று: இது அரட்டைப் பேச்சு. பாக்கி கேட்டு வாடிக்கையாளருக்கு எழுதும் மெயிலில் இதைப் போட்டால் பாக்கியும் வராது, வாடிக்கையாளரும் வரமாட்டார்.