ஏற்காட்டுப் பேருந்துக் கணக்கு: 46 ஏன் வராது?

வணக்கம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் இறங்கும் பேருந்தில் (அந்த மலைப்பாதைக்கு இது மிகை வேகம்தான்!) ஓட்டுநர் 4 விநாடிகள் பிரேக் பிடிக்க, எதிர் முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) 2 மீ/வி² எனில் இறுதித் திசைவேகம் (திசையோடு சேர்ந்த வேகம்) என்ன என்ற கணக்குக்கு, 54-இல் 8-ஐக் கழித்து 46 என்று எழுதியுள்ளீர்கள். முடுக்கத்தை நேரத்தால் பெருக்கியது சரியே. ஆனால் அந்த 8 என்பது விநாடிக்கு மீட்டரிலும், 54 என்பது மணிக்குக் கிலோமீட்டரிலும் இருப்பதால் நேரடியாகக் கழிக்க இயலாது. மணிக்கு 1 கி.மீ. என்பது 1000/3600, அதாவது 5/18 மீ/வி என்பதால், 54-ஐ 5/18-ஆல் பெருக்கினால் 15 மீ/வி. திசைவேக மாற்றம் −8 மீ/வி என்பதால் விடை 7 மீ/வி, அதாவது மணிக்கு 25.2 கி.மீ. மாற்றத்தை மட்டும் கேட்டால் எதிர்க்குறியை விட்டுவிடாதீர்கள். இவ்வழி நேரான சாலைக்கே பொருந்தும். கொண்டை ஊசி வளைவில் வேகம் மாறாவிட்டாலும் திசை மாறுவதால் திசைவேகம் மாறிவிடும்.