அந்தக் கால்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

ஹெலோவீன் என்ற ஜெர்மன் மெட்டல் இசைக்குழுவின் ‘கீப்பர் ஆஃப் தி செவன் கீஸ்’ ஆல்பத்தின் இரண்டு பாகங்களையும் போன மாதம்தான் முதல்முறையாகக் கேட்டேன். மிகவும் பிடித்துவிட்டது. அப்புறம் மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. பவர் மெட்டல் என்ற, வேகமும் மெட்டும் கலந்த ராக் வகையின் வேதமே இதுதான் என்கிறார்கள் சிலர். இது குழந்தைகள் பாட்டு, பாடகர் சைரன் மாதிரி கத்துகிறார், வரிகள் அசட்டுத்தனம் என்கிறார்கள் சிலர். முதல் பாகம்தான் ஆல்பம், இரண்டாவதில் பாதி சக்கை என்று ஒருவர், அதற்கு நேர் எதிராக இன்னொருவர். டிரம்மர் பின்னாளில் தற்கொலை செய்துகொண்டார், ஆகவே அந்த உற்சாகமெல்லாம் வெறும் வேஷம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து முன்போல் கேட்க முடியவில்லை. எந்தப் பாகம் சிறந்தது? நான் ரசித்தது சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். ‘மிகவும் பிடித்துவிட்டது’ என்று எழுதிய அதே கையால் ‘ரசித்தது சரிதானா’ என்று கேட்க எப்படி மனம் வந்தது? சாப்பிட்டு, வயிறு நிறைந்து, கையும் கழுவிய பிறகு பக்கத்து இலைக்காரரிடம் ருசியாக இருந்ததா என்று விசாரிப்பீர்களா? அந்த ஆல்பங்களை எத்தனை முறை கேட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எத்தனை பேருடைய கருத்தைப் படித்தீர்கள் என்று மட்டும் தெரிகிறது. எனக்கு வருத்தமாக இருந்தது.

எந்தப் பாகம் என்ற கேள்வி எனக்கு முக்கியமில்லை. அவர்கள் இரட்டை ஆல்பமாகத்தான் வெளியிட நினைத்தார்கள், அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான நாய்ஸ் சம்மதிக்கவில்லை. அதனால் ஒன்று 1987-லும் மற்றொன்று 1988-லும் வந்தன. முதலாவது நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும், இரண்டாவது ஐம்பதை நெருங்கும். இரண்டிலும் 13 நிமிடத்தைத் தாண்டும் ஒரு பெரிய பாட்டு உண்டு. நான் இரண்டையும் சேர்த்தே கேட்கிறேன். வரிகள் அசட்டுத்தனம் என்பவர்களோடும் சண்டை போட எனக்கு நேரமில்லை. ‘டாக்டர் ஸ்டைன்’ விளையாட்டுப் பாட்டு. விளையாட்டைப் பார்த்து ஏன் விளையாடுகிறாய் என்று கேட்பவரிடம் என்ன பேசுவது?

மைக்கேல் கிஸ்கேயின் குரலைச் சைரன் என்பவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்லலாம். முதல் பாகத்தைப் பதிவு செய்தபோது அவருக்குப் பத்தொன்பது தொட்டும் தொடாத வயது. அதற்கு முந்தைய ஆல்பமான ‘வால்ஸ் ஆஃப் ஜெரிக்கோ’வில் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடியவர் கை (Kai) ஹான்சன். கரடுமுரடான குரல் அவருடையது. அவரே மைக்கை இந்தப் பையனிடம் விட்டுவிட்டுக் கிட்டாரோடு நின்றுகொண்டார். அப்படிப்பட்ட குரல் அது. ‘எ டேல் தட் வாஸ்ன்ட் ரைட்’ பாட்டை ஒருமுறை முழுக்கக் கேட்டவர் அப்புறம் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தில் டிரம்மர் வரும் அந்த ஒரு வரிக்காக. நீங்கள் அவர் பெயரைக்கூட எழுதவில்லை. அவர் பெயர் இங்கோ ஷ்விச்டன்பெர்க்.

பெயர் எழுதாததற்கு உங்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. 1991-ல் திருச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தேன். அறைத்தோழனின் அண்ணன் துபாயிலிருந்து சில கேசட்டுகள் கொண்டுவந்தார். ஒன்றை நான் நகல் எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் முதல் பாகம், மறுபக்கம் இரண்டாம் பாகத்தில் கொண்ட மட்டும். அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ‘ஹெலோவீன் 1, 2’ என்று எழுதியிருந்ததோடு சரி. யார் வாசித்தார்கள், யார் எழுதினார்கள், எதுவும் தெரியாது.

விடுமுறைக்குத் திருவாரூர் பக்கம் மாமா வீட்டுக்குப் போனபோது அதையும் எடுத்துப் போனேன். மாமா தவில்காரர். அன்று திண்ணையில் உட்கார்ந்து விரலுக்குக் கூடு கட்டிக்கொண்டிருந்தார். துணியை நீளமாகக் கிழித்து, பசையில் தோய்த்து, விரலில் இறுக்கமாகச் சுற்றி, காயவைப்பார். காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். அந்த வேலை நடக்கும்போது யாரும் அவரிடம் பேசக்கூடாது. நான் உள்ளே பாட்டை ஓடவிட்டிருந்தேன். நிறுத்தச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்து கேசட்டைத் திருப்பியும் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

“டேய், எத்தனை பேருடா இதுல அடிக்கிறானுங்க?”

“ஒருத்தர்தான் மாமா.”

“பொய் சொல்லாத. மேல ரெண்டு கை கேக்குது. கீழ யாரு ஓடறது?”

“அது கால் மாமா. ரெண்டு காலாலயும் பெடலை மிதிப்பாங்க.”

பசை காயாத விரல்களைத் தூக்கிப் பிடித்தபடியே, வெறுங்காலால் திண்ணைத் தரையில் தட்டிப் பார்த்தார். வலது, இடது, வலது, இடது. ஒரு தட்டுக்குள் நாலு அடி விழ வேண்டும். நாலும் ஒரே கனத்தில் விழ வேண்டும். அரை நிமிடம்கூட அவரால் முடியவில்லை. நாற்பது வருஷம் தவில் வாசித்த மனிதர். இடதுகால் பின்தங்கியதும் நிறுத்திவிட்டார். “கை பொய் சொல்லும்டா. கால் சொல்லாது. இவன் பேரு என்ன?” என்றார். எனக்குத் தெரியவில்லை.

எஸ்., அந்த ஆல்பங்களைப் பற்றி இத்தனை பேர் இத்தனை கருத்து சொல்கிறார்கள். குரலைப் பற்றி, கை ஹான்சனும் மைக்கேல் வைகாத்தும் சேர்ந்து வாசிக்கும் கிட்டார்களைப் பற்றி, அட்டைப் படத்தைப் பற்றிக்கூட. கீழே ஓடும் அந்தக் கால்களைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள்? முதல் பாகத்தில் சின்ன முகப்பிசை முடிந்து ‘ஐ’ம் அலைவ்’ பிய்த்துக்கொண்டு கிளம்புகிறதே, அது எதன்மேல் நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? இரண்டாம் பாகத்தின் ‘மார்ச் ஆஃப் டைம்’? குரல் எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் பயமில்லாமல் போவதற்குக் காரணம், கீழே தரை ஆடவில்லை என்பதுதான். அந்தத் தரையை இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு ஹாம்பர்க் பையன் காலால் போட்டுக்கொடுத்தான்.

அவருக்கு ‘மிஸ்டர் ஸ்மைல்’ என்று ஒரு செல்லப்பெயர் இருந்தது. அந்தக் காலத்து மேடைப் பதிவுகளில் பார்த்தால் தெரியும், வியர்வை வழிய வழியச் சிரிப்பார். பிறகு மனச்சிதைவு நோய் வந்தது. 1993-ல் குழுவிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. 1995 மார்ச்சில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முப்பது நிறையவில்லை. அந்தப் பெயர் எனக்குத் தெரியவந்தபோது அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமாவும் இல்லை. பெயரைச் சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

இந்த மனிதரைத்தான் ‘ஆகவே அந்த உற்சாகம் வேஷம்’ என்று ஒருவர் எழுத, நீங்களும் நம்பிவிட்டீர்கள். எங்கிருந்து வருகிறது இந்த ‘ஆகவே’? ஒருவர் எப்படி இறந்தார் என்பதை வைத்து அவர் வாழ்ந்த நாட்களுக்கு மதிப்பெண் போட யார் அனுமதி கொடுத்தது? 1988-ல் அவர் வாசித்தபோது 1995 அங்கே இல்லை. அந்தச் சிரிப்பு அன்றைக்கு நிஜம். நோய் பின்னால் வந்து முன்னால் இருந்ததைத் திருடிவிட முடியாது. துக்கம்தான் ஆழம், சந்தோஷம் மேலோட்டம் என்று நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. யாராவது சிரித்தால் உடனே உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறான் என்று தோண்டுவார்கள். சோகமாக வாசிப்பவரை யாரும் அப்படிச் சந்தேகப்படுவதில்லை.

அந்த இசையின் சந்தோஷம் சும்மா வந்ததும் இல்லை. அன்றைய ஜெர்மனியில் கிரியேட்டர், சோடம், டிஸ்ட்ரக்‌ஷன் என்று திராஷ் என்ற மூர்க்கமான மெட்டல் வகைக் குழுக்கள் கோபத்தில் கொதித்துக்கொண்டிருந்தன. ஹெலோவீன் இருந்த அதே நாய்ஸ் நிறுவனத்தில்தான் கிரியேட்டரும் இருந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவே அதே வேகத்தில் வாசித்துக்கொண்டு, சேர்ந்து பாடக்கூடிய மெட்டுகளைப் போடத் துணிச்சல் வேண்டும். அந்த வேகத்தில் கோபத்தை வாசிப்பது ஒப்பிட்டால் சுலபம், பிசிறு தட்டினாலும் கோபத்தோடு சேர்ந்துவிடும். சந்தோஷத்தை வாசிக்கும்போது ஓர் அடி நொண்டினாலும் அசிங்கமாகத் தெரியும். நொண்டாமல் இருக்க எத்தனை ஆயிரம் மணிநேரம் அந்தக் கால்கள் உழைத்திருக்கும்! வேஷம் என்று எழுதியவர் தரையில் இரண்டு காலாலும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கூட வாசித்தவர்கள் அவரை மறக்கவில்லை. கை ஹான்சனின் காமா ரே குழு 1995-லேயே ‘ஆஃப்டர்லைஃப்’ என்ற பாட்டை அவருக்குச் சமர்ப்பித்தது. இடையில் குழுவை விட்டுப் போயிருந்த ஹான்சனும் கிஸ்கேயும் திரும்பி வந்து 2017-ல் எல்லோருமாகச் சுற்றுப்பயணம் போனபோது, மேடைத் திரையில் இங்கோவின் பழைய டிரம்ஸ் தனியாவர்த்தனத்தைக் காட்டினார்கள். இப்போதைய டிரம்மர் டானி லோப்லே கீழே உட்கார்ந்து அதனோடு சேர்ந்து வாசித்தார். 2021-ல் வந்த ஆல்பத்துக்கு லோப்லே பயன்படுத்தியது ‘கீப்பர்’ காலத்தில் இங்கோ வாசித்த அதே டிரம்ஸை.

இன்று இரவு இரண்டாம் பாகத்தை எடுங்கள். ஹெட்போனில் கேளுங்கள். ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’ நடுவில் இரண்டு கிட்டார்களும் முறைவைத்து வாசிப்பார்கள், பேஸுக்கும் ஓர் இடம் உண்டு, டிரம்ஸுக்கும் உண்டு. டிரம்ஸ் தனியாக வருவது சில நொடிகள்தான். துணி சுற்றிக்கொண்டிருந்த மாமாவின் கை நின்றது அந்த இடத்தில்.