சமையலறையைப் புதுப்பிக்கும்போது பழைய ஜன்னலை அடைத்துவிட்டு அலமாரி வைக்கலாமா?

உங்கள் சமையலறை ஜன்னல் மூன்றடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது, அதன் வழியே பார்க்க ஒன்றுமில்லை, மாடுலர் கிச்சன் அமைக்க வந்தவரோ அதை அடைத்தால் நான்கடி அகலத்துக்கு அலமாரி கிடைக்கும் என்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அடைக்க வேண்டாம் என்பதே என் பதில். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அம்பத்தூரில் எங்கள் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது இதே கேள்வி எழுந்தது. அடைப்பதென்று முடிவு செய்து முன்பணமும் கொடுத்த பிறகுதான் மனம் மாறினோம்.

மாற்றியவர் என் மாமியார். "கொத்தனாரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அட்டையை வெச்சு மூடிட்டுச் சமைச்சுப் பாரும்மா" என்றார். வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, கிரில்லோடு சேர்த்துச் சணல் கயிற்றால் இறுகக் கட்டினோம். முதல் நாள் காலை பத்து மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்க முடிந்தது. மறுநாள் காய்ந்த மிளகாய் தாளித்த நெடி கூடத்தைத் தாண்டிப் படுக்கையறை வரை சென்று, உறங்கிக்கொண்டிருந்த மகனை இருமலோடு எழுப்பிவிட்டது. நான்காம் நாள் மேடை துடைக்கும் துணி மாலையாகியும் உலராமல் புளித்த வாடை வீசியது. ஜாடியில் இருந்த கல்லுப்பு கசிந்து அடியில் நீர் கோத்திருந்தது. அன்றாடம் ஜன்னல் திண்டில் சோறு வைத்துப் பழக்கியிருந்த காகம், வெளியிலிருந்து அட்டையைக் கொத்தும் ஓசை வேறு. ஐந்தாம் நாள் கயிற்றை அறுத்துவிட்டோம்.

சிம்னி இருக்கும்போது ஜன்னல் எதற்கு என்று உங்களிடமும் சொல்வார்கள். சிம்னி எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும்; வர வழியில்லாத அறையில் அதன் இழுவிசை குறைந்து இரைச்சல்தான் மிஞ்சும். வெளியே குழாய் போகாமல், கரி வடிகட்டியோடு மட்டும் வரும் சிம்னி எண்ணெய்ப் பிசுக்கையும் ஓரளவு நெடியையும் பிடித்துக்கொள்ளுமே தவிர, வெப்பத்தையும் நீராவியையும் அறைக்கே திருப்பிவிடும். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சமையல் எரிவாயு கசிந்தால் எந்த மின் சுவிட்சையும் தொடக்கூடாது. சிறு பொறி போதும், தீப்பிடித்துவிடும். ஆகவே சிம்னியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில் அவற்றைப் போட முடியாது, கையால் திறக்கும் கதவும் ஜன்னலும்தான் துணை. சிலிண்டரில் வரும் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும் என்பதால் ஜன்னல் மட்டும் போதாது என்பது உண்மையே. ஆனால் எதிரே கதவும் திறந்திருந்தால் காற்று குறுக்கே ஓடி அதைக் கலைத்து வெளியேற்ற வாய்ப்புண்டு. தேசியக் கட்டட விதித்தொகுப்பும் (National Building Code), சமையலறைக்குத் திறந்த வெளியை நோக்கி ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத ஜன்னல் வேண்டும் என்கிறது. நான்கடிக்கு மூன்றரை அடி உள்ள உங்கள் ஜன்னல் ஏறத்தாழ 1.3 சதுர மீட்டர், அளவு போதுமானது.

அலமாரியையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கடி அகலம், இரண்டடி உயரம், ஓரடி ஆழம் என்றால் கிடைப்பது எட்டுக் கன அடி மட்டுமே. எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கென ஒதுக்கிய பாத்திரங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, அவற்றில் பாதி, ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கும் விருந்துக்கும் எடுப்பவை. அவை பரணுக்குப் போயின. மீதிக்கு மேடைக்கு அடியில் ஆழமான இழுப்பறைகளே போதுமானதாக இருந்தன.

ஜன்னலை வைத்துக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. எங்கள் பழைய ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து இரண்டரை அடி, புதிய மேடையின் உயரமோ முப்பத்து மூன்று அங்குலம். எனவே கீழ்ப்பகுதியைச் செங்கல் வைத்து மூன்றரை அடி வரை உயர்த்தி, மழைநீர் உள்ளே வராதபடி வெளிப்பக்கம் சரிவாகக் கிரானைட் பலகை பதித்தோம். தள்ளும் கதவு வைக்கச் சொன்னார்கள். இரட்டைத் தடத்தில் தள்ளும் கதவு எப்போதும் பாதி ஜன்னலைத்தான் திறக்கும் என்பதால் மறுத்துவிட்டு, வெளிப்பக்கம் திறக்கும் பழைய தேக்குக் கதவுகளையே இழைத்துப் போட்டுக்கொண்டோம். ஜன்னலுக்கு நேர் கீழே பாத்திரம் கழுவும் தொட்டி வருவதே நல்லது; அடுப்பை அங்கே வைத்தால் காற்றில் தீ அலைந்து எரிவாயு வீணாகும்.

பக்கத்து வீட்டுச் சுவர் என்பதால் வெளிச்சம் வராது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றடி இடைவெளியிலும் மேலிருந்து இறங்கும் ஒளியை வெள்ளைச் சுவர் உள்ளே திருப்பிக் கொடுக்கும். அவர்கள் சம்மதித்தால் உங்கள் செலவிலேயே அந்தப் பகுதிக்கு வெள்ளையடித்துவிடுங்கள்.

அடைக்கலாம் என்று நான் சொல்லக்கூடிய ஜன்னல், கழிவறைக் குழாய்கள் இறங்கும் இடுக்கிலோ கூரை போட்ட வண்டி நிறுத்தத்திலோ திறப்பது; அதுவும் அதே சமையலறைக்கு வெளிக்காற்று வர வேறு வழி இருந்தால் மட்டுமே. அப்போதும் பழைய சுவரும் புதுக் கட்டும் சேரும் இடத்தில் கோழி வலை எனப்படும் மெல்லிய கம்பி வலையை அடித்துப் பூசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் இருந்த சதுரம் அப்படியே விரிசலாகச் சுவரில் தெரியும்.

உங்கள் ஜன்னலின் அடிமட்டம் எத்தனை அங்குலம் என்று நீங்கள் எழுதவில்லை. வரைபடத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன் அதை அளந்து இங்கே குறிப்பிட்டால், உயர்த்த வேண்டுமா, எவ்வளவு என்று சொல்கிறேன்.