சிஆர்பி நார்மல் என்றால் நரம்பில் அழற்சி இல்லையா?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. பத்து நாளாக வலது கண் மங்கலாகத் தெரிகிறது, கண்ணை அசைத்தால் வலிக்கிறது. பார்வை நரம்பில் அழற்சி என்கிறார் டாக்டர். ஆனால் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான சிஆர்பி, இஎஸ்ஆர் இரண்டும் நார்மல். அப்புறம் எப்படி அழற்சி? முதுகில் நீர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் கால் வராமல் போய்விடும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: உங்கள் பயம் புரிகிறதம்மா. சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம். நிமோனியா மாதிரி ஒன்று வந்தால் சில மணி நேரத்தில் ஏறிவிடும். பார்வை நரம்பின் நீளமோ சுமார் 5 செ.மீ.தான். அதில் ஒரு சிறு பகுதி வீங்கினால் பெரும்பாலும் ரத்தத்தில் அது தெரிவதே இல்லை. நான் நோயாளிகளிடம் குங்குமச் சிமிழைக் காட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வேன். நல்ல கண்ணுக்கு ரத்தச் சிவப்பாகத் தெரியும் குங்குமம், பாதித்த கண்ணுக்கு வெளிறிய செங்கல் நிறத்தில் தெரியும். அந்த வித்தியாசத்தை சிஆர்பியை விட நான் அதிகம் நம்புவேன்.

முதுகு ஊசிக்கு வருவோம். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே. எடுப்பது 10, 15 மி.லி. நீர், உடம்பு ஒரு நாளைக்குச் சுமார் 500 மி.லி. சுரக்கிறது. சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். அதே நாளில் ரத்தமும் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். நீரில் மட்டும் புரதப் பட்டைகள் தெரிந்தால், நோய் எதிர்ப்பு அணுக்கள் மூளை, தண்டுவடத்துக்குள்ளேயே வேலை செய்கின்றன என்று அர்த்தம். நோய் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் பலருக்கும் இது இருக்கும்.

அதைவிட முக்கியம், ரத்தத்தில் பார்க்கும் அக்வாபோரின்-4 ஆன்டிபாடி (உடம்பின் சொந்தப் புரதத்தையே தாக்கும் எதிர்பொருள்). 2004-ல் கண்டறியப்பட்டது. அது பாசிட்டிவ் என்றால் நோயே வேறு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கிவிடும். அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். மாக் (MOG) ஆன்டிபாடி என்ற இன்னொரு ரத்தச் சோதனையையும் சேர்த்தே கேளுங்கள்.

ரிசல்ட் வரச் சில நாள் ஆகலாம், அதுவரை சிகிச்சையை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஆன்டிபாடிக்கு ரத்தம் எடுத்ததும் டாக்டர் சொன்னால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் ஸ்டீராய்டைத் தொடங்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, விக்கலும் வாந்தியும் நாள் கணக்கில் நிற்காமல் வந்தாலோ, இரவானாலும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்கு உடனே அழைத்துப் போங்கள்.